எண்ணெய் வயலுக்கு வில்லங்கச் சான்றிதழ் கிடையாது

கேள்வி: சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மூன்று ஆண்டுகளாக வழக்கறிஞராக இருக்கிறேன். பெரும்பாலும் பாகப்பிரிவினை, சொத்து வழக்குகள். நாடு கடந்த எண்ணெய், எரிவாயு ஒப்பந்தங்களில் ஆலோசனை சொல்லும் வழக்கறிஞர்கள் உண்மையில் என்ன வேலை செய்கிறார்கள்? அந்தத் துறைக்கு நான் மாற முடியுமா? எண்ணெயின் காலமே முடியப்போகிறது என்கிறார்களே, இப்போது போய் அதில் இறங்கலாமா?

பதில்:

பாகப்பிரிவினை வழக்கு நடத்துபவர் என்று படித்ததும் சிரித்துவிட்டேன். கேலியாக அல்ல. இருபது ஆண்டுகளுக்கும் மேலாக நான் சிங்கப்பூரிலும் லண்டனிலும் உட்கார்ந்து செய்துகொண்டிருப்பதும் ஏறக்குறைய அதைத்தான். பங்காளிகளில் ஒருவர் தன் பாகத்தை வெளியாளுக்கு விற்கப் பார்க்கிறார்; மற்றவர்கள் "எங்களைக் கேட்காமல் எப்படி?" என்று வந்து நிற்கிறார்கள். சொத்து கடலடியில் இருக்கிறது, தொகை டாலரில் பேசப்படுகிறது, வழக்கு மதுரையில் நடக்காமல் லண்டனில் நடக்கிறது. மற்றபடி மனிதர்கள் அதே மனிதர்கள்தான்.

இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆம் பிரிவு உங்களுக்குத் தெரிந்திருக்கும். வாரிசுகளில் ஒருவர் தன் பங்கை விற்க நினைத்தால், அதை வாங்கிக்கொள்ள உடன் வாரிசுகளுக்கு முன்னுரிமை உண்டு. இஸ்லாமியச் சட்டத்தில் ஷுஃபா என்று இதற்கு இன்னும் பழைய வடிவம் இருக்கிறது. எண்ணெய்த் துறையில் ஏறக்குறைய எல்லாக் கூட்டு ஒப்பந்தங்களிலும் இதே உரிமை ஏதாவது ஒரு வடிவில் உட்கார்ந்திருக்கும். அதைச் சரியாக வாசிக்கிறவருக்குத்தான் இந்தத் தொழிலில் மதிப்பு.

முதலில், இங்கே எதுதான் விற்கப்படுகிறது? எண்ணெய் வயலை யாரும் விற்பதில்லை. அமெரிக்காவில் நிலத்துக்காரருக்கே நிலத்தடி எண்ணெயும் சொந்தமாக இருக்கலாம். அதை விட்டால், உலகின் பெரும்பாலான நாடுகளில் பூமிக்கடியில் இருப்பது அரசின் சொத்து. கம்பெனியின் கையில் இருப்பது அரசோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தத்தில் ஓர் இடம், அவ்வளவுதான். 1901இல் பாரசீக மன்னரிடம் வில்லியம் நாக்ஸ் டார்சி வாங்கிய உரிமை 60 ஆண்டுகளுக்கானது. வடக்கு மாகாணங்களைத் தவிர ஏறக்குறைய நாடு முழுவதும் அதில் அடக்கம். மன்னருக்கு நிகர லாபத்தில் 16 சதவீதம். அரை நூற்றாண்டு கழித்து, 1951இல், ஈரான் அந்தத் தொழிலையே தேசியமயமாக்கியது. இப்படிப்பட்ட அனுபவங்களுக்குப் பிறகு நாடுகள் உஷாராகிவிட்டன. 1966இல் இந்தோனேசியா உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தம் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தது: எண்ணெய் அரசுடையது, கம்பெனி செலவு செய்து தோண்டும், கிடைத்தால் செலவை எண்ணெயாக எடுத்துக்கொள்ளும், மீதியை இருவரும் பிரித்துக்கொள்வார்கள். நம் ஊர் வாரக் குத்தகையில் விதை, உரச் செலவைக் கழித்துவிட்டு மகசூலைப் பங்கிடுவதை நினைத்துக்கொண்டால் பாதி புரிந்துவிடும். இந்தியாவும் 1999 முதல் இந்த வழியில்தான் பிளாக்குகளை, அதாவது எண்ணெய் தேடுவதற்காக வரைபடத்தில் பிரித்த நிலப் பகுதிகளையும் கடல் பகுதிகளையும், ஏலம் விட்டது. செலவுக் கணக்கில் ஏகப்பட்ட தகராறுகள் வந்தபின் 2016இல், செலவைக் கழிக்காமல் வருவாயையே பிரித்துக்கொள்ளும் வருவாய்ப் பகிர்வுக்கு மாறியது.

எனவே ஒரு கம்பெனி தன் பங்கை விற்கிறது என்றால், குத்தகைக்காரர் தன் இடத்தில் இன்னொருவரை உட்கார வைக்கப் பார்க்கிறார் என்று அர்த்தம். நிலத்துக்காரரான அரசு ஒப்புக்கொள்ள வேண்டும். கூடச் சேர்ந்து குத்தகை எடுத்தவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். கடன் கொடுத்த வங்கி ஒப்புக்கொள்ள வேண்டும். இவர்களில் யார், எந்தத் தேதிக்குள், எந்தக் காரணம் காட்டி "முடியாது" என்று சொல்ல முடியும்? வாடிக்கையாளர் என்னிடம் காசு கொடுத்துக் கேட்பது இந்த ஒரு கேள்வியைத்தான். மற்றதெல்லாம் இதன் கிளைகள்.

நம் நாட்டுக் கம்பெனியே அடிவாங்கிய ஓர் உதாரணம் சொல்கிறேன். கஜகஸ்தானில் காஸ்பியன் கடலில் கஷகான் என்ற மாபெரும் வயல் இருக்கிறது. அதில் கோனோகோபிலிப்ஸ் நிறுவனத்துக்கு இருந்த 8.4 சதவீதப் பங்கை சுமார் 500 கோடி டாலருக்கு வாங்க ஓஎன்ஜிசி விதேஷ் 2012 நவம்பரில் ஒப்புக்கொண்டது. விலை பேசியாகிவிட்டது, செய்தி வந்துவிட்டது, தில்லியில் மகிழ்ச்சி. ஆனால் கஜகஸ்தான் சட்டப்படி அப்படிப்பட்ட பங்கு கைமாறும்போது அரசுக்கே முதல் உரிமை. 2013 ஜூலையில் அரசு அந்த உரிமையைப் பயன்படுத்தியது. பங்கு கஜகஸ்தானின் அரசு நிறுவனத்துக்குப் போனது. அங்கிருந்து ஏறக்குறைய அதே அளவு பங்கு சீனாவின் சிஎன்பிசி நிறுவனத்துக்குப் போனது. விலையை இந்தியர்கள் பேசினார்கள், பொருளைச் சீனர்கள் எடுத்துக்கொண்டார்கள். இதில் யாரும் சட்டத்தை மீறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. ஓஎன்ஜிசி விதேஷின் வழக்கறிஞர்களுக்கு இந்த ஆபத்து தெரியாமலும் இருந்திருக்காது. முன்னுரிமை உள்ள இடத்தில் விலை பேசப் போகிறவர் மற்றவர்களுக்காக இலவசமாக மதிப்பீடு செய்து கொடுக்கிறார்; அந்த ஆபத்தோடுதான் போக வேண்டியிருக்கிறது.

பங்கை நேரடியாக விற்காமல், பங்கை வைத்திருக்கும் கம்பெனியையே விற்றால் என்ன ஆகும்? இந்தத் துறையில் என்னை அதிகம் சிந்திக்க வைத்த கேள்வி இது. நிலத்தை விற்றால்தானே பங்காளி கேட்பார், நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அந்த ஆளையே விலைக்கு வாங்கிவிட்டால்? ராஜஸ்தான் வயலை நடத்திவந்த கெய்ர்ன் இந்தியாவின் பெரும்பான்மைப் பங்குகளை வேதாந்தா குழுமம் வாங்குவதாக 2010 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. இது பங்குச் சந்தைப் பங்கு விற்பனை, வயல் பழைய கம்பெனியிடமேதான் இருக்கிறது, அரசின் சம்மதம் எதற்கு என்பது விற்பவரின் வாதம். அரசு ஒப்புக்கொள்ளவில்லை. அந்த வயலில் 30 சதவீதப் பங்கு வைத்திருந்த ஓஎன்ஜிசி, வயல் முழுவதற்குமான ராயல்டியை, அதாவது எடுக்கும் எண்ணெய்க்காக அரசுக்குச் செலுத்தும் தொகையை, தானே கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பழைய புண்ணை ஆற்றிக்கொள்ள இதைவிட நல்ல நேரம் கிடைக்காது. கடைசியில் ராயல்டியைச் செலவுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சம்மதம் வந்தது, விற்பனை 2011 டிசம்பரில் முடிந்தது. பதினாறு மாதங்கள். சம்மதம் தர வேண்டியவர் சும்மா தரமாட்டார், தன் பழைய கணக்கையும் கூடவே எடுத்துக்கொண்டு வருவார். கிராமத்தில் பத்திரப் பதிவு நாளில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று திண்ணையில் உட்கார்ந்துவிடும் பெரியப்பாவை நீங்கள் பார்த்திருப்பீர்கள்.

இதே கேள்வி பல மடங்கு பெரிதாகத் திரும்பி வந்ததைச் சமீபத்தில் உலகமே வேடிக்கை பார்த்தது. தென் அமெரிக்காவில் கயானா என்ற சிறிய நாடு. அதன் கடலில் ஸ்டாப்ரூக் பிளாக். 2015இல் அங்கே எண்ணெய் கிடைத்தது, அடுத்தடுத்துக் கிடைத்துக்கொண்டே இருந்தது, 1,100 கோடி பீப்பாய்க்கு மேல் என்று மதிப்பீடு. அமெரிக்க எண்ணெய் நிறுவனங்களான எக்ஸானுக்கு 45 சதவீதம், ஹெஸ்ஸுக்கு 30, சீனாவின் சிநூக்குக்கு 25. 2023 அக்டோபரில் இன்னொரு அமெரிக்க எண்ணெய் நிறுவனமான ஷெவ்ரான், ஹெஸ் கம்பெனியையே 5,300 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஹெஸ்ஸிடம் வேறு சொத்துகளும் இருந்தன. ஆனால் ஷெவ்ரான் வந்தது கயானாவுக்காக என்பது ஊரறிந்த உண்மை.

2024 மார்ச்சில் எக்ஸான் சர்வதேச வணிகக் கழகத்தின் நடுவர் மன்றத்துக்குப் போனது, சிநூக்கும் சேர்ந்துகொண்டது. மூன்று பங்காளிகளுக்கும் இடையிலான கூட்டு இயக்க ஒப்பந்தத்தில் எங்களுக்கு முன்னுரிமை இருக்கிறது, தாய் நிறுவனம் கைமாறினாலும் அது செல்லும் என்பது அவர்கள் வாதம். அந்த ஒப்பந்தத்தை எழுதியதே தாங்கள்தான் என்று எக்ஸான் தரப்பு வெளியிலேயே பேசியது. ஷெவ்ரானும் ஹெஸ்ஸும் சொன்னது: கயானாவில் பங்கு வைத்திருக்கும் துணை நிறுவனம் அப்படியே ஹெஸ்ஸின் கீழ் இருக்கிறது, மேலே தாய் நிறுவனம் இன்னொன்றோடு இணைகிறது, இணைப்புக்கு அந்த விதி பொருந்தாது. இருபத்தோரு மாதங்கள் அந்தப் பணம் முழுவதும் சில வரிகளின் பொருளுக்காகக் காத்துக் கிடந்தது. தீர்ப்பு வருவதற்கு முன்பே ஷெவ்ரான் சந்தையில் ஹெஸ் பங்குகளில் ஏறக்குறைய 5 சதவீதத்தை வாங்கிப் போட்டது. சிலர் அதைத் தன்னம்பிக்கை என்றார்கள். எனக்கு அது சூதாட்டமாகத் தெரிந்தது. 2025 மே மாதம் லண்டனில் விசாரணை, ஜூலை 18இல் ஹெஸ், ஷெவ்ரான் பக்கம் தீர்ப்பு. அன்றைக்கே இணைப்பை முடித்துவிட்டார்கள்.

அந்தக் கூட்டு இயக்க ஒப்பந்தம் இன்றுவரை பொதுவெளியில் இல்லை. ஆனால் இப்படிப்பட்ட ஒப்பந்தங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிப் படிவத்திலிருந்து பிறக்கின்றன. 1981இல் தொடங்கிய பெட்ரோலியப் பேச்சுவார்த்தையாளர் சங்கம், இப்போது பெயர் மாற்றி எரிசக்திப் பேச்சுவார்த்தையாளர் சங்கம், 1990 முதல் இந்தப் படிவத்தை வெளியிட்டுத் திருத்திக்கொண்டே வருகிறது. படிவத்தில் பல இடங்களில் "இதை வைத்துக்கொள் அல்லது அதை வைத்துக்கொள்" என்று மாற்று வரிகள் இருக்கும். பேரம் பேசும் அறையில் இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் ஒரு மாற்று வரியைத் தேர்வு செய்கிறார்கள். அப்போது அங்கே எண்ணெய் இருக்கிறதா என்றே யாருக்கும் தெரியாது. பதினைந்து ஆண்டுகள் கழித்து வேறொரு தலைமுறை வழக்கறிஞர்கள் அந்த வரியைப் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கிறார்கள். எண்ணெய் கிடைக்காத பிளாக்குகளின் ஒப்பந்தங்களில் இதைவிட மோசமான வரிகள் இருக்கின்றன. அவற்றை யாரும் படிப்பதே இல்லை.

அன்றாட வேலை எப்படி என்று கேட்டீர்கள். முதல் நான்கைந்து ஆண்டுகள் வாசிப்புதான். விற்பவர் ஆவணங்களையெல்லாம் ஏற்றிவைத்திருக்கும் டேட்டா ரூம் என்ற இணையக் கிடங்கைத் திறந்துவிடுவார்கள். ஆயிரக்கணக்கான கோப்புகள். அதில் மூல ஒப்பந்தம், திருத்தங்கள், அமைச்சகக் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், குழாய் வாடகை ஒப்பந்தம், வழக்கு விவரம். உங்கள் ஊரில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டணம் கட்டினால் முப்பது ஆண்டுக்கு வில்லங்கச் சான்றிதழ் கிடைக்கிறது. பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற சில நாடுகளில் எண்ணெய் உரிமங்களுக்கும் பதிவேடு உண்டு. ஆனால் நான் வேலை செய்த பல நாடுகளில் அப்படி எதுவும் கிடையாது. தாய்ப்பத்திரத்திலிருந்து இன்றுவரை சங்கிலி அறுபடாமல் வருகிறதா என்பதை நீங்களே கோத்துப் பார்க்க வேண்டும்.

என் சித்தப்பா காரைக்குடிப் பக்கம் பத்திர எழுத்தராக இருந்தார். பத்திரத்தைக் கையில் வாங்கினால் முதலில் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பார்; முத்திரை, சாட்சி, ஓரத்தில் எழுதிய குறிப்பு. சட்டக் கல்லூரியில் எனக்கு இதை யாரும் கற்றுத் தரவில்லை. அவரிடம் நான் ஒழுங்காகக் கற்றுக்கொள்ளவும் இல்லை என்பது வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் தெரிந்தது. தென்கிழக்கு ஆசியாவில் ஒரு பிளாக்கின் பங்கு விற்பனை. நாங்கள் வாங்குபவரின் பக்கம். 'இதர ஆவணங்கள்' என்ற கோப்பில் கோணலாக ஸ்கேன் செய்யப்பட்ட இரண்டு பக்கக் கடிதம் ஒன்று இருந்தது. தலைப்பைப் பார்த்து அலுவலக வாடகை விவகாரம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். கையெழுத்துக்கு மூன்று நாள் முன்பு எங்கள் குழுவின் மூத்த வழக்கறிஞர் அதைத் திறந்தார். பிளாக்கைத் தொடக்கத்தில் வைத்திருந்த பழைய உரிமக்காரருக்கு, விற்கும் ஒவ்வொரு பீப்பாயிலும் 2 சதவீதம், வயலைக் கைவிடும் நாள் வரை கொடுப்பதாக அதில் எழுதியிருந்தது. வாங்குபவர் விலையைக் குறைக்கச் சொன்னார், விற்பவர் முறைத்துக்கொண்டார், ஒப்பந்தம் ஐந்து வாரம் தள்ளிப்போனது. மூத்தவர் என்னைத் திட்டவில்லை. அடுத்த ஆறு மாதம் எந்த டேட்டா ரூம் திறந்தாலும் 'இதர ஆவணங்கள்' கோப்பை எனக்கே ஒதுக்கினார்.

வாசிப்புக் காலம் தாண்டியதும் ஒப்பந்தம் எழுதவும் பேரத்தில் உட்காரவும் விடுவார்கள். அங்கே வாயாடித்தனத்தைவிடக் கணக்கு உதவும். விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாள் ஒன்று, சொத்து கைமாறும் நாள் இன்னொன்று, ஆனால் லாப நட்டம் யாருக்கு என்று பிரிக்கும் நாள் இரண்டுக்கும் முன்னால் கிடக்கும். இடைப்பட்ட காலத்தில் விற்ற எண்ணெயின் பணம், கிணறு தோண்டக் கூட்டாளிகளிடம் கேட்ட பணம், எல்லாவற்றையும் கடைசியில் நேர் செய்ய வேண்டும். கணக்கு வராது என்பதற்காகவே சட்டம் படிக்க வந்தவர்கள் இங்கே திணறுவார்கள். நானும் திணறினேன்.

வரி தனி உலகம். ஹெரிடேஜ் என்ற கம்பெனி உகாண்டாவில் தனக்கிருந்த பங்குகளை இத்தாலியின் எனி நிறுவனத்துக்கு விற்க 2009இல் பேசி முடித்தது. கூட்டாளியான டல்லோ முன்னுரிமையைப் பயன்படுத்தி, 145 கோடி டாலருக்குத் தானே வாங்கிக்கொண்டது. விற்ற லாபத்துக்கு 40 கோடி டாலருக்கு மேல் வரி கட்டு என்றது உகாண்டா. ஹெரிடேஜ் மறுத்தது. விற்றவர் நாட்டைவிட்டுப் போய்விட்டார், வாங்கியவர் அங்கேயே தொழில் செய்ய வேண்டும். யார் கழுத்தைப் பிடிப்பார்கள்? டல்லோ 31.3 கோடி டாலரை அரசுக்குக் கட்டிவிட்டு, விற்பனை ஒப்பந்தத்தில் ஹெரிடேஜ் கொடுத்திருந்த வரி உத்தரவாதத்தைக் காட்டி லண்டன் உயர் நீதிமன்றத்தில் வழக்குப் போட்டு, 2013இல் வென்றது. மேல்முறையீட்டில் ஹெரிடேஜ் பிடித்துக்கொண்ட கிளை, உத்தரவாதத்தைக் கேட்கும் நோட்டீஸ் ஒப்பந்தப்படி அனுப்பப்பட்டதா என்பது. அது எடுபடவில்லை. ஆனாலும் 31.3 கோடி டாலர் ஒரு நோட்டீஸின்மேல் தொங்கியதை நினைத்தால், நோட்டீஸ் அனுப்பும் வேலையைப் பயிற்சி வழக்கறிஞரிடம் தள்ளிவிட எனக்கு இன்றும் மனம் வருவதில்லை. நாம் உகாண்டாவைப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. 2012இல் முன்தேதியிட்டு வரிச் சட்டத்தைத் திருத்தி, 2006இல் நடந்த உள் மறுசீரமைப்புக்காக, கெய்ர்ன் இந்தியாவின் பழைய தாய் நிறுவனமான கெய்ர்ன் எனர்ஜியிடம் வரி கேட்டது இந்தியா. 2020 டிசம்பரில் நடுவர் மன்றம் இந்தியா 120 கோடி டாலர் தர வேண்டும் என்றது. 2021இல் பாரிஸில் இருந்த இந்திய அரசின் கட்டடங்களை முடக்கும்வரை விவகாரம் போனபின், அந்தத் திருத்தத்தை நாடாளுமன்றம் திரும்பப் பெற்றது.

வயல் வற்றிய பிறகு என்ன என்பதையும் பார்க்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் வடக்கே திமோர் கடலில் நார்தர்ன் எண்டெவர் என்ற உற்பத்திக் கப்பல் 1999 முதல் நின்றுகொண்டிருந்தது. வயல் மூப்படைந்ததும் வுட்சைடு நிறுவனம் அதை ஒரு சிறிய கம்பெனிக்குக் கைமாற்றியது. 2019இல் பாதுகாப்புக் காரணங்களால் உற்பத்தி நின்றது, அடுத்த ஆண்டு அந்தச் சிறிய கம்பெனி திவால். கப்பலை அகற்றும் செலவு அரசின் தலையில் விழுந்தது. எல்லாக் கடல் எண்ணெய் உற்பத்தியாளர்களும் பீப்பாய்க்கு 48 சென்ட் தீர்வை கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. வாங்கியவரால் முடியாவிட்டால் விற்றவரையே திரும்ப அழைக்கலாம் என்ற விதியும் வந்தது. பிரிட்டனில் இது 1998ஆம் ஆண்டுப் பெட்ரோலியச் சட்டத்திலேயே உண்டு. இப்போதெல்லாம் விற்பவரின் பக்கம் நான் உட்காரும்போது, விலையைவிட அதிக நேரம் பேசுவது இந்த இறுதிச் சடங்குச் செலவைப் பற்றித்தான்.

இருட்டுப் பக்கத்தை மறைத்தால் நான் உங்களுக்கு நல்லது செய்தவனாக மாட்டேன். 2010இல் நைஜீரிய அரசோடு பி அண்ட் ஐடி என்ற பெயர் தெரியாத கம்பெனி ஓர் எரிவாயு ஒப்பந்தம் போட்டது. சுமார் இருபது பக்கம். ஆலை கட்டப்படவே இல்லை. ஆனால் ஒப்பந்தத்தை மீறியதாக நைஜீரியா 660 கோடி டாலர் தர வேண்டும் என்று 2017இல் நடுவர் தீர்ப்பு. வட்டியோடு அது 1,100 கோடியாக வளர்ந்தது. 2023 அக்டோபரில் லண்டனில் நீதிபதி நோல்ஸ் அதை மோசடி என்று தள்ளுபடி செய்தார். ஒப்பந்தம் உருவான காலத்தில் பெட்ரோலிய அமைச்சகத்தின் சட்ட அதிகாரிக்கு லஞ்சம் போயிருந்தது. நைஜீரியா தன் வழக்கறிஞர்களோடு நடத்திய ரகசியக் கடிதப் போக்குவரத்து எதிர்த்தரப்பின் கையில் இருந்தது. வழக்கு வென்றால் கிடைக்கப்போகும் பணத்தில் பெரும் பங்கு பேசி வைத்திருந்த வழக்கறிஞர்களும் அதில் இருந்தார்கள். அமெரிக்காவின் 1977ஆம் ஆண்டு வெளிநாட்டு லஞ்சத் தடைச் சட்டம், பிரிட்டனின் 2010ஆம் ஆண்டு லஞ்சச் சட்டம் ஆகியவற்றை இந்தத் துறையில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். "உள்ளூர் ஆலோசகர்" ஒருவருக்கு வெற்றிக் கட்டணம் கொடுக்க ஒரு வரி சேர்க்க முடியுமா என்று வாடிக்கையாளர் கேட்கும் நாள் உங்களுக்கும் வரும். அந்த ஆலோசகர் யாருடைய மைத்துனர் என்று விசாரிக்காமல் அந்த வரியை எழுதாதீர்கள். நான் இரண்டு முறை வேலையிலிருந்து விலகியிருக்கிறேன். ஒரு முறை அதனால் பதவி உயர்வு போனது.

இனி, நுழைவது எப்படி என்ற கேள்வி. எண்ணெய்ச் சட்டத்தில் முதுநிலைப் பட்டத்துக்காக ஸ்காட்லாந்தின் டண்டீக்கோ அபர்டீனுக்கோ உடனே கடன் வாங்கிக்கொண்டு ஓடாதீர்கள். டண்டீயின் மையம் 1977 முதல் இந்தத் துறைக்கு ஆள் கொடுத்து வருகிறது, நல்ல இடம்தான். ஆனால் ஒப்பந்தமே பார்க்காத ஒருவர் அந்தப் பட்டத்தோடு வந்தால் நேர்காணலில் இரண்டாவது கேள்வியிலேயே தெரிந்துவிடும். மூன்று ஆண்டு வழக்காடிய உங்களுக்கு நான் சொல்வது, முதலில் மும்பையிலோ தில்லியிலோ எரிசக்திப் பிரிவு உள்ள சட்ட நிறுவனம் ஒன்று. கிடைக்காவிட்டால் எண்ணெய்ப் பொதுத்துறை நிறுவனத்தின் சட்டப் பிரிவு. தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் முதுநிலை நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துச் சில பொதுத்துறை நிறுவனங்கள் சட்ட அதிகாரிகளை எடுத்திருக்கின்றன. சம்பளத்தை மட்டும் பார்த்து அதை ஒதுக்கிவிடாதீர்கள். வெளிநாட்டு வழக்கறிஞர் எழுதித் தரும் ஆலோசனையை வாடிக்கையாளரின் நாற்காலியிலிருந்து படிக்கும் வாய்ப்பு வேறெங்கும் கிடைக்காது.

பிறகு ஆங்கிலச் சட்டம். கயானாவானாலும் உகாண்டாவானாலும் கூட்டாளிகளுக்கிடையேயான ஒப்பந்தங்களில் ஆங்கிலச் சட்டத்துக்குத்தான் செல்வாக்கு. நம் ஒப்பந்தச் சட்டத்துக்கு அது தாய் வீடு என்பதால் உங்களுக்குக் கடினமாக இராது. அங்கே சாலிசிட்டர், அதாவது ஒப்பந்தம் எழுதி ஆலோசனை சொல்லும் வகை வழக்கறிஞர், ஆவதற்கு 2021 முதல் எஸ்க்யூஇ என்ற பொதுத் தேர்வு இருக்கிறது, இந்திய வழக்கறிஞர்களும் எழுதலாம். சிங்கப்பூரில் உட்கார்ந்தபடியே ஆங்கிலச் சட்டத்தில் ஆலோசனை சொல்லிப் பிழைக்கலாம். நான் அப்படித்தான் தொடங்கினேன். வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியாவில் அலுவலகம் திறப்பதைப் பற்றிய சண்டைக்கு நம் சென்னைக்கும் பங்குண்டு. பாலாஜி வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடங்கி, 2018இல் உச்ச நீதிமன்றத்தில் "வந்து ஆலோசனை சொல்லிவிட்டுப் போகலாம், இங்கேயே கடை போடக் கூடாது" என்ற அளவில் நின்றது. அதன்பின் 2023இல் பார் கவுன்சில் விதி வகுத்து, 2025இல் திருத்தியும் இருக்கிறது. கதவு மெல்லத் திறக்கிறது. அதை நம்பித் திட்டம் போட வேண்டாம்.

வாழ்க்கை முறையையும் சொல்லிவிடுகிறேன். ஹூஸ்டனில் காலை என்றால் நமக்கு மாலை தாண்டிவிடும். என் மகளின் பள்ளி ஆண்டு விழாக்களில் பாதியை நான் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றபடி பார்த்திருக்கிறேன். விலை சரியும்போது வேலை நின்றுவிடும். 2015இலும் 2020இலும் நல்ல வழக்கறிஞர்கள் வேலையில்லாமல் நின்றார்கள். வழக்காடும் பழக்கத்தை முழுவதும் விட்டுவிடாதீர்கள் என்று நான் சொல்வது அதனால்தான். ஒப்பந்தம் போடுவது நின்றால் ஒப்பந்தச் சண்டை தொடங்கும்.

எண்ணெயின் காலம் முடியப்போகிறதா? என் வாடிக்கையாளர்களுக்கே தெரியாததை நான் சொல்ல முடியாது. ஆனால் காகிதங்களைப் பார்த்துச் சொல்லலாம். கத்தாரிடமிருந்து ஆண்டுக்கு 75 லட்சம் டன் திரவ இயற்கை எரிவாயு வாங்க இந்தியாவின் பெட்ரோநெட் நிறுவனம் 1999இல் ஒப்பந்தம் போட்டது. சந்தை விலை விழுந்தபோது, 2015இல், இரு தரப்பும் உட்கார்ந்து விலைச் சூத்திரத்தை மாற்றினார்கள். 2024 பிப்ரவரியில் அதே அளவை 2048 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதாவது நீங்கள் ஓய்வுபெறும் வயதை நெருங்கும் வரை அந்த ஒரு காகிதத்தையாவது யாராவது வாசித்துக்கொண்டிருக்க வேண்டும். இன்னொரு பக்கம், நார்வேயின் கடலடியில் நார்தர்ன் லைட்ஸ் திட்டம் 2025 முதல் கரியமில வாயுவை இறக்கிப் புதைக்கிறது. ஒரு நாட்டின் புகையை இன்னொரு நாட்டின் கடலடியில் வைக்க, நாடுகள் தங்களுக்குள் தனி உடன்பாடு போட வேண்டியிருக்கிறது. நூறு ஆண்டு கழித்து அது கசிந்தால் யார் பொறுப்பு என்று எழுதுகிறவர்கள், எண்ணெய் ஒப்பந்தம் எழுதிப் பழகிய அதே ஆட்கள்தான். நமக்குப் பக்கத்திலேயே மன்னார் வளைகுடாவில் 2011இல் கெய்ர்ன் எரிவாயு கண்டுபிடித்தது, லாபக் கணக்கு ஒத்துவராமல் 2015இல் பிளாக்கை இலங்கை அரசிடமே திருப்பிக் கொடுத்தது. கிணறு இருக்கிறது, வாயு இருக்கிறது, ஒப்பந்தம் இல்லை. என்றைக்காவது இன்னொருவர் வருவார்.

மாறுவதற்கு முன் ஒரு வாரம் செலவழித்து, இந்த வேலை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஸ்டாப்ரூக் பிளாக்குக்காக 2016இல் போட்ட உற்பத்திப் பகிர்வு ஒப்பந்தத்தைக் கயானா அரசு 2017 டிசம்பரில் மக்கள் நெருக்கடியால் வெளியிட்டுவிட்டது, இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ராயல்டி 2 சதவீதம், மாத உற்பத்தியில் 75 சதவீதம் வரை கம்பெனிகளின் செலவுக்கு, மீதியில் ஆளுக்குப் பாதி. 32ஆம் பிரிவு, நாட்டின் சட்டம் மாறினாலும் கம்பெனிக்கு நட்டம் வரக் கூடாது என்கிறது. அதைவிட 15ஆம் பிரிவைப் பொறுமையாக வாசியுங்கள். கம்பெனிகளின் வருமான வரியை யார், யாருடைய பங்கிலிருந்து கட்டுகிறார்கள், கம்பெனிக்குக் கிடைக்கும் ரசீது அதன் சொந்த நாட்டில் எதற்குப் பயன்படும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். இரண்டாம் முறை வாசிக்கும்போது தூக்கம் வராமல் கோபமோ ஆர்வமோ வந்தால், அந்தத் தாளை எனக்கு அனுப்புங்கள். மேற்கொண்டு பேசலாம்.